சொல்லிட்டாக

"போன காரியம் என்ன ஆச்சு, மதினி?"

"வேணாம்னு சொல்லிட்டாக, நாகு."

நான்கு வருஷத்துக்கு முன்னால், நாத்தனாருக்குச் சம்பந்தம் பேசப் போய்விட்டு, கல்லலிலிருந்து வந்த பஸ்ஸை விட்டு இறங்கி, கால்கூடக் கழுவாமல் வள்ளிக்கண்ணு சொன்ன பதில் அது.

நாகவல்லி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. உள்ளே போய், பொங்கிக்கொண்டிருந்த பாலை இறக்கி வைத்தாள். சேவுகன் அத்தானே தன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக அவள் எடுத்துக்கொண்டாள்.

அப்படித்தான் எடுத்துக்கொண்டாள் என்பது வள்ளிக்கண்ணுவுக்கு அப்போதே தெரியும்.

வேண்டாம் என்றவர்கள் சேவுகனைப் பெற்றவர்கள். சேவுகன் பஸ் வரைக்கும் கூடவே வந்தான். "அவுகளை நான் சரிக்கட்டிக்கிறேன். நாகுவைக் கொஞ்ச நாள் பொறுத்துக்கச் சொல்லுங்கக்கா" என்றான்.

அவள் சொல்லவில்லை.

அப்போது அவளுக்கு இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று. நாத்தனாரும் போய்விட்டால் வீட்டு வேலையை யார் பார்ப்பது? பிரசவம் ஆகட்டும், சொல்லிவிடலாம் என்று இருந்தாள். பிள்ளை பிறந்தது, நடந்தது, பேசவும் ஆரம்பித்துவிட்டது.

இப்போது செக்காலை வீட்டின் கொல்லைப்புறத்தில் நாகவல்லி மாவாட்டிக்கொண்டிருந்தாள். எதிரே முக்காலி போட்டு, கைடைப் பிரித்து வள்ளிக்கண்ணு கேள்விகளை வாசித்தாள். மறுநாள் மதுரையில் குமாஸ்தா பரீட்சை. நாகவல்லியை அதற்கு எழுதிப் போட வைத்தவளே வள்ளிக்கண்ணுதான். ஒரு வேலையாவது வாங்கிக் கொடுத்துவிட்டால் நெஞ்சில் இருப்பது கரையும் என்று நினைத்தாள்.

மதுரைக்கு மானாமதுரை வண்டியில் போக வேண்டும். அது கல்லலில் நிற்கும். அந்த ஸ்டேஷனில்தான் சேவுகன் டிக்கெட் கொடுக்கிறான். இன்னும் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை.

பிளாட்பாரப் பக்கம் ஜன்னல் வேண்டாம் என்று நாகவல்லி காலையிலேயே அண்ணனிடம் சொல்லிவிட்டாள்.

"குழப்பமான தொடர் ஒண்ணு குடுத்திருக்கு. 'வெள்ளைக் குதிரையில் வந்த அரசனின் மகன்.' இதுல என்ன குழப்பம், சொல்லு."

"வந்தது அப்பனா, மகனா? குதிரையைத்தான் கேக்கணும்."

வள்ளிக்கண்ணு சிரித்துவிட்டாள். நாகவல்லியும் சிரித்தாள். முழங்கை வரை மாவோடு அவள் சிரித்ததைப் பார்த்ததும், தன் சிரிப்பைப் பாதியில் விழுங்கினாள் வள்ளிக்கண்ணு.

"சரி, அடுத்தது. 'மேலாளரும் குமாஸ்தாக்களும் கூடிப் பேசினார்கள்.' இதுக்குப் பின்னால எது வரணும்? ஒண்ணு, 'விடுமுறை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.' ரெண்டு..."

செருமிக்கொண்டு படித்தாள்.

"ரெண்டு, 'விடுமுறை இல்லை என்று மேலாளர் சொல்லிவிட்டார்.'"

"ரெண்டாவதுதான்."

"ஏன்?" ஒவ்வொரு கேள்விக்கும் கேட்டுப் பழகிய வாய், இதற்கும் கேட்டுவிட்டது.

"மொதல்ல உள்ளதுல யாரு சொன்னாகன்னே இல்லையே. 'யாரு'ன்னு கேட்டா வர்றதுதான் எழுவாய்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீக?"

குழவி மெதுவாகச் சுற்றியது.

"நம்ம பேச்சும் அப்படித்தான், மதினி. ஒத்த ஆளு சொன்னாலும் சொன்னாகதான். குடும்பமே கூடிச் சொன்னாலும் சொன்னாகதான்."

வள்ளிக்கண்ணு பக்கத்தைத் திருப்பினாள். அடுத்த கேள்வியின் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தெரிந்தன. உள்ளே சின்னவன் விழித்துக்கொண்டு அத்தையைக் கூப்பிட்டான். அம்மாவைக் கூப்பிடவில்லை, அந்த வீட்டில் பிள்ளைகள் எழுந்ததும் தேடுவது அத்தையைத்தான்.

இன்றைக்கு அத்தை எழுந்து போகவில்லை.

குழவி நின்றது. நாகவல்லி விரல்களில் ஒட்டிய மாவை ஒவ்வொன்றாக வழித்துக் கல்லில் விட்டாள். அவள் குரலில் கோபம் இல்லை.

"இத்தனை நாளும் கேக்கப் பயந்துக்கிட்டே இருந்துட்டேன், மதினி. நாளைக்கு வண்டி கல்லல்ல நிக்கும். அன்னைக்கு நீங்க சொன்னதை ஒரு தடவை, எழுவாயோட சொல்லுங்க."