மூன்றாவது பொட்டலம்

பொற்கொடிக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் தெருவே நம்பிக்கொண்டிருந்தது. அவள் குழாயடிக்கு வந்தால் பேச்சைக் கத்திரிக்காய் விலைக்குத் திருப்பிவிடுகிற அளவுக்குத் தெருவுக்கும் நாகரிகம் உண்டு. அன்று டாக்டரம்மா, "இது உறவுல ஒட்டுற நோய்ம்மா. உங்க வீட்டுக்காரரும் மாத்திரை போடணும். ஒருத்தர் விட்டாலும் திரும்ப வந்துடும்" என்று இரண்டு பொட்டலம் கொடுத்தபோது அவள் எழுந்திருக்கவில்லை. "இன்னொண்ணு குடுங்க. அவர் போற வீட்டுக்கு." டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முழுகாம இருந்தா இந்த மருந்து ஆகாது. கேட்டுட்டுக் குடுங்க." சாயங்காலம் தையல்கடை சுகுணாவின் வாசலில் பொற்கொடி நின்றதும் தெருவில் டிவி சத்தமெல்லாம் தானாகக் குறைந்தது. பஸ்ஸில் வரும்போது திட்டத்தான் ஒத்திகை பார்த்திருந்தாள்; வாயில் வந்ததென்னவோ, "அவருக்குக் குடுத்துட்டேன். இது உனக்கு. சோறு தின்னுட்டுப் போடு, வெறும் வயித்துல குமட்டும்." சுகுணா எதற்கென்று கேட்காமல், தலை நிமிராமல் கையை நீட்டினாள். "இரு. நீ முழுகாம இல்லல்ல?" நீண்ட கை அப்படியே திரும்பிப் போய், முந்தானையை இழுத்து வயிற்றை மூடியது. பொட்டலம் பொற்கொடியின் கையிலேயே இருந்தது.