போர்ச்சுகல் பாட்டு

"மாப்பிள்ளை, அடுத்து வர்றது உங்க ஊர்ப் பாட்டு. நல்லாக் கேளு!" என்று மாடி பால்கனியில் உட்கார்ந்திருந்த லூபென் ஒலியைக் கூட்டினார்.

மாப்பிள்ளை என்றது துவார்த்தை. பல்கேரியாவின் ரூசே நகரில் லூபெனின் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, லிஸ்பனிலிருந்து இங்கேயே குடிவந்துவிட்டவன்.

லூபென் லாரி டிரைவர். இருபத்தாறு வருஷமாக ஐரோப்பா முழுக்க ஓட்டிக்கொண்டிருப்பவர். முப்பதாவது கல்யாண நாளுக்கு மனைவி நெவேனாவுக்கு மோதிரம், செயின் என்று எதுவும் வாங்கவில்லை. போன நாடுகளில் எல்லாம் லாரி ரேடியோவில் கேட்ட பாட்டுகளை நாட்டுக்கு ஒன்றாகப் பதிந்து, பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார்.

அது ஆச்சு நாலு வருஷம். இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்கள் அதைக் கேட்காமல் தப்ப முடியாது.

"எனக்கு எந்த பாஷையும் தெரியாது மாப்பிள்ளை. ஆனா அர்த்தம் புரிஞ்சிடும்."

கிதார் ஒலித்தது. ஒரு பெண் குரல் உருகி உருகிப் பாடியது.

"கடலுக்குப் போன புருஷனைத் திரும்பி வான்னு கூப்பிடுறா. பாவம்!" என்றார் லூபென்.

பழச் சாராயமான ரக்கியாவை ஒரு வாய் குடித்த துவார்த் அப்படியே நின்றுவிட்டான்.

'அடைப்பே போ, குழாயை விட்டுப் போ' என்று பாடிக்கொண்டிருந்தாள் அவள்.

கழிவறை அடைப்பு நீக்கும் பவுடர் விளம்பரம்!

நெவேனா கணவரை நெருங்கி உட்கார்ந்து, அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண்களில் நீர் தளும்பியது.

"இதோ, கடைசியில மெதுவா ஒண்ணு சொல்லுவா. அதுதான் உயிரே!" என்றார் லூபென்.

'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்' என்று கிசுகிசுத்தாள் பாடகி.

ரக்கியா துவார்த்தின் மூக்கு வழியாக வந்தது. இருமிக்கொண்டே, தட்டுகளை அள்ளிக்கொண்டு சமையலறைக்கு ஓடினான்.

பின்னாலேயே வந்த நெவேனா கதவைச் சாத்தினாள்.

"வாயைத் திறந்தே, அடுப்புல வேகுற பனித்சாவுல உனக்கு ஒரு துண்டுகூடக் கிடையாது!"

"அக்கா... உங்களுக்குத் தெரியுமா?"

"போன வருஷம் என் அக்கா மக போன்ல போட்டு மொழிபெயர்த்துக் காட்டிட்டா. நான்தான் இவர்கிட்ட சொல்லலை."

"அப்போ அந்தக் கண்ணீர்?"

"சிரிப்பை அடக்கினா வேற என்னடா வரும்? மனுஷன் குளிர்லயும் மழையிலயும் லாரியை ஓரங்கட்டி நிறுத்தி, எனக்காகப் பதிஞ்சிருக்காரு. கக்கூஸ் பவுடருன்னு எப்படிடா சொல்றது?"

துவார்த்துக்கு லூபெனை நினைத்துப் பாவமாக இருந்தது. இத்தனை தேசம் சுற்றியவர், ஒரு விளம்பரத்தைக் கண்டுபிடிக்கத் தெரியாத அப்பாவியாக இருக்கிறாரே! சொந்த மனைவியே பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பை அடக்குகிறாள், அதுவும் தெரியவில்லை.

பால்கனிக்குத் திரும்பியதும் லூபென் ஆவலாகக் கேட்டார்.

"எப்படி நம்ம பாட்டு?"

"அருமை அண்ணே! எங்க ஊர்ல... இதைக் கல்யாணத்துல பாடுவாங்க."

"கல்யாணத்துலயா?"

"ஆமா. பொண்ணு மாப்பிள்ளை முதல் நடனம் ஆடும்போது."

"பார்த்தியா நெவேனா!" என்றார் லூபென்.

நெவேனா சட்டென்று சமையலறைக்கு எழுந்து போனாள். உள்ளே பாத்திரம் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது.

விடைபெற்றுக் கிளம்பியவனோடு லூபெனும் வாசல்வரை இறங்கி வந்தார். தோளில் கை போட்டார்.

"முதல் நடனமா? கொஞ்சம் அதிகமாத்தான் அளந்துட்டே, மாப்பிள்ளை."

"அண்ணே?"

"அந்தப் பவுடரைப் பதினெட்டு டன் என் லாரியிலயே ஏத்திக்கிட்டுப் போயிருக்கேன். இறக்குற இடத்துல இதே பாட்டு ஓடிச்சு. சுவத்துல டப்பா படம், பக்கத்துல கக்கூஸ் படம். பாஷை எதுக்கு?"

துவார்த் அவர் பக்கம் திரும்பினான்.

"எப்போ?"

"அது ஆச்சு மூணு வருஷம்."

"அப்புறமும் ஏன் அண்ணே போடுறீங்க? அக்கா..." சொல்ல வந்ததை விழுங்கினான்.

"உங்க அக்கா சிரிப்பை அடக்குறா. அதுவும் தெரியும்," என்றார் லூபென்.

மேலே ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வருஷத்துல பாதி நாள் நான் ரோட்டுல இருக்கேன். வீட்டுல இருக்கிற நாள்ல அவளா வந்து என் கையைப் பிடிச்சுக்கிறது இந்தப் பாட்டுக்கு மட்டும்தான். அதைப் போய் நானே கெடுத்துக்குவேனா?"