இரண்டு அரளிப் பொட்டலங்கள்

அன்று காலை சிறுநீரக வார்டின் கடைசிக் கட்டிலருகே இருந்தவர்கள் ஐந்தே பேர். டாக்டர் கல்யாணராமன், ஆயா ராமக்காள், கட்டிலில் படுத்திருந்த பேரையூர் கருத்தக்கண்ணன், அவன் தாய் சீனியம்மாள், அவனுக்குப் பெண் கொடுப்பதாக வெற்றிலை மாற்றியிருந்த பரவை மொக்கையன். நேரில் பார்த்ததாகச் சொல்லும் மற்றவர்கள் யாரும் அன்று மதுரைக்கே வரவில்லை.

கருத்தக்கண்ணனுக்கு மூத்திரப்பையில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கல். அப்போது, 1983இல், அடிவயிற்றைக் கீறி எடுப்பதுதான் வழக்கம். குழாய் விட்டு உள்ளேயே நொறுக்கி எடுக்கும் புது முறை அப்போதுதான் மதுரைக்கு வந்திருந்தது. இரண்டில் எது நல்லது என்று டாக்டர் ஆராய்ச்சி நடத்தினார். அதில் சேர்ந்தவர்களில் யாருக்கு எந்த முறை என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்யும்.

மொக்கையன் நலம் விசாரிக்க மட்டும் வரவில்லை.

"மாப்ள, மறைக்காமச் சொல்லணும். நீங்க கல்லுக்கு வரல, குடும்பக் கட்டுப்பாடு ஆப்பரேசனுக்கு வந்து படுத்துருக்கீகன்னு சந்தை பூராப் பேச்சாக் கெடக்கு. அது நெசம்னா ஆவணியில கல்யாணம் கிடையாது. ஜெயக்கொடிக்கு வேற எடம் பாத்துருவேன்."

"கல்லுதான் மாமா. சத்தியமா."

"சத்தியம் எல்லாவனுந்தான் பண்றான்."

கருத்தக்கண்ணன் முகம் சிவந்தது. அவன் குடும்பத்தார் சொன்ன சொல்லுக்கு அதுவரை யாரும் சாட்சி கேட்டதில்லை.

சீனியம்மாள் டாக்டர் பக்கம் திரும்பினாள். "கத்தி வைக்க நான் விடமாட்டேன் சாமி. கல்யாணத்துக்கு நிக்கிற பிள்ளை."

"குழாய் முறை வந்துட்டா தழும்பே இருக்காதும்மா. மூணாம் நாள் வீட்டுக்குப் போயிடலாம். ஆனா எது வரும்னு நான் சொல்ல முடியாது."

"மூணாம் நாளா?" மொக்கையன் புருவத்தைத் தூக்கினார். "அந்தக் குழாய எந்த வழியா விடுவீக?"

டாக்டர் அவர் காதருகே குனிந்து சொன்னார். மொக்கையன் ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்றார்.

"ஒங்க குலுக்கல் எனக்குத் தெரியாது," என்றாள் சீனியம்மாள். "எங்க ஊர்ல பூக்கட்டிப் போட்டுப் பாப்போம். கருப்பசாமி என்ன சொல்லுதோ அதுக்குக் குறுக்க நிக்கமாட்டேன்."

டாக்டர் யோசித்தார். சீட்டானால் என்ன, பூவானால் என்ன? குலுக்கல் குலுக்கல்தான். சிவப்பு அரளி வந்தால் கத்தி, வெள்ளை அரளி வந்தால் குழாய் என்று பேசி முடிவானது. தன் அறைக்குப் போய் அவரே இரண்டு பூக்களையும் தனித்தனியே இலையில் மடித்துக் கட்டினார். தட்டில் வைத்து ராமக்காளிடம் கொடுத்துவிட்டு முன்னால் வந்தார்.

தட்டு வந்துசேரச் சற்றுத் தாமதமானது. இடையில் கருத்தக்கண்ணனும் எழுந்து வராந்தாப் பக்கம் போய் வந்திருந்தான்.

மொக்கையன் கண்ணை மூடிக் கும்பிட்டு, ஒரு பொட்டலத்தை எடுக்கக் கை நீட்டினார்.

"நில்லுங்க," என்றார் டாக்டர். "நான் தையல் போடற நூலால கட்டினேன். இது வாழைநார்!"

ராமக்காள் தட்டைக் கட்டில்மேல் வைத்தாள். "தம்பிதான் கையெடுத்துக் கும்புட்டுச்சு டாக்டரய்யா. எங்க ஊர்ப்பக்கத்துப் பிள்ளை, மனசு கேக்கல. ரெண்டுலயும் ஒரே பூவ வைக்கச் சொல்லுச்சு. வச்சுட்டேன்."

டாக்டருக்குக் கோபத்தில் குரல் உயர்ந்தது. "இதுக்குப் பேரு மோசடி! நீ ஒருத்தன் ஏமாத்தினா என் ஆராய்ச்சி மொத்தமும் பொய்யாயிடும். கத்திக்கு அவ்வளவு பயமா?"

கருத்தக்கண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

மொக்கையன்தான் பேசினார். "ஆட்டுத்தலைய ஒத்தையா வெட்டிக் கொழம்பு வைக்கிறவ எம்மக. அதுக்கு வாச்ச மாப்ளயப் பாரு!"

"பயந்தா என்னண்ணே?" என்று சீறினாள் சீனியம்மாள். "உசுரு என்ன கடையிலயா விக்கிது?"

டாக்டர் பொட்டலங்களைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. இரண்டையும் குப்பைக் கூடையில் வீசினார். "ஆராய்ச்சியில உனக்கு இடமில்லை. ஆராய்ச்சிக்கு வெளியே யாருக்கும் குழாய் கிடையாது. இனிமே பழைய முறைதான், கத்திதான். சம்மதமா?"

"சம்மதம் டாக்டர்."

சீனியம்மாள் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு அழுதாள். மகன் அவள் கையைப் பிடித்தான். "சாமி பூவுல வெளையாண்டேன்ல ஆத்தா, அதான் கோவிச்சுக்கிருச்சு. இனிமே நீ தடுக்காத."

அவள் தடுக்கவில்லை. கல் முழுசாக வெளியே வந்தது. மொக்கையன் இன்னொரு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார். ஆவணியில் குறித்த நாளில் கல்யாணம் நடந்தது.

கத்திக்குப் பயந்து இரண்டிலும் வெள்ளைப் பூ வைக்கச் சொன்னான், அப்பேர்ப்பட்ட குடும்பத்தில் இப்படி ஒரு கோழை என்று பேரையூரில் இன்றும் சிலர் பேசுகிறார்கள்.

தவறு. இரண்டிலும் இருந்தது சிவப்பு. கல்லுக்குச் சாட்சியாக மாமனார் முன்னால் சட்டையைத் தூக்கிக் காட்ட மாப்பிள்ளைக்கு வயிற்றில் ஒரு தழும்பு வேண்டியிருந்தது.