வத்தின மாட்டுப் பால்

"சொகமில்லாத பொண்டாட்டி கையில தூக்குப்போசியைக் குடுத்து அனுப்பிட்டு, அந்தச் சின்னராஜ் வூட்டுல என்னதான் பண்றான்?"

கலைமதி பாலை ஊற்றிவிட்டு நாலு எட்டு வைத்ததும், பால் சொசைட்டி வரிசையில் வெண்மதி ஆரம்பித்தாள்.

"ஒடம்பு வணங்காது. வேறென்ன?" என்றாள் பின்னால் நின்றவள்.

அடுத்து நின்ற சுகுணா காதில் அது ஏறவில்லை. அவள் மண்டையை வேறொன்று குடைந்துகொண்டிருந்தது.

முந்தின நாள் கறிவேப்பிலை பறிக்கக் கலைமதி வீட்டுப் பின்பக்கம் போனபோது மாட்டைப் பார்த்திருந்தாள். எட்டு மாசச் சினை. மடி காலிப் பையாகச் சுருங்கிக் கிடந்தது. அந்த மடியில் ஒரு டம்ளர் பால்கூடத் தேறாது.

ஆனால் கலைமதி தினம் ரெண்டு லிட்டர் ஊற்றுகிறாள். எங்கிருந்து வருகிறது?

தண்ணீர் கலந்தால் பால்மானி காட்டிக் கொடுத்துவிடும். வேறு யார் வீட்டு மாட்டையாவது...? சேச்சே.

ஒரு விஷயம் தெரியாமல் போனால் சுகுணாவுக்குச் சோறு இறங்காது. மறுநாள் வெளுக்கும் முன்பே வாசல் தெளிக்கிற சாக்கில் தெருமுனைக்கு வந்துவிட்டாள்.

வீடுகளுக்குப் பால் விற்கும் கருப்பண்ணன் தோட்டத்து வரப்பில் ஒரு ஆள் வேகவேகமாக வந்தான். கையில் கேன். சின்னராஜ்.

"நில்லு தம்பி. கேன்ல என்னா?"

அவன் திருதிருவென்று விழித்தான். "பாலுங்கக்கா."

"கருப்பண்ணன்கிட்ட கூட வெலைக்கு வாங்கி, கம்மி வெலைக்கு சொசைட்டியில ஊத்தறியா? பைத்தியமாடா உனக்கு?"

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த வீட்டாரிடம் சொல்லக் கூடாத வார்த்தை அது.

சின்னராஜ் கோபப்படவில்லை. கேனைக் கீழே வைத்தான்.

"கொழந்தை தவறினதுல இருந்து நாலு மாசம் அவ செவுத்தைப் பாத்துட்டே படுத்திருந்தாளுங்கக்கா. குளிக்கல, தலை வாரல. தருமபுரியில டாக்டரம்மா மாத்திரை குடுத்தாங்க. தெனம் வூட்டை வுட்டு வெளிய போற மாதிரி ஒரு வேலை குடுங்கன்னாங்க. பால் ஊத்தத்தான் எழுந்தா. ஒரு நாளு, ரெண்டு நாளு, அப்புறம் தெனமும். இப்ப போயி மாடு வத்திப்போச்சு."

"அவளுக்குத் தெரியாதா?"

"நான்தான் கறக்கறேன்னு சொல்லி வெச்சிருக்கேன். கன்னு போட ஒரு மாசம் இருக்குது. அதுவரைக்கும் ஓட்டிடுவேன். தெரிஞ்சா மறுபடியும் படுத்துருவாளுங்கக்கா. யாருகிட்டயும் சொல்லிடாதீங்க."

சுகுணா தலையாட்டிவிட்டாள். ஆட்டிய பிறகுதான் உறைத்தது. அவள் வாயில் எதுவும் தங்காது என்பது ஊருக்கே தெரியும், அவளுக்கும் தெரியும்.

அன்றைக்கே சோதனை வந்தது. சொசைட்டியில் பால் அளக்கும் மாதேஸ்வரன் மானியை எடுத்துப் பார்த்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினார்.

"ஏம்மா கலைமதி, இப்பல்லாம் பால் கெட்டியா வருது. மாடு நெறமாச சினைன்னியே, இந்நேரம் வத்தியிருக்கணுமே?"

வரிசையே திரும்பிப் பார்த்தது. கலைமதி தரையைப் பார்த்தாள்.

சுகுணா வரிசையை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். இங்கே ஒரு வார்த்தை தவறினால், அந்தப் பெண் திரும்பப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள்.

"பருத்திக்கொட்டை வெக்கறாங்க," என்றாள் சத்தமாக. "பருத்திக்கொட்டை வெச்சா கன்னு போடற அன்னைக்கு வரைக்கும் கறக்கும்."

"அது எந்த ஊரு மாடுங்கக்கா?" என்று வெண்மதி சிரித்தாள்.

"எங்க மாமியா வூட்டு மாடு கறந்துச்சு. போயி பாத்துட்டு வா. நீங்க சீட்டைக் குடுங்கண்ணா, அடுப்புல ஒலை வெச்சிட்டு வந்திருக்கேன்."

மாதேஸ்வரன் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

சுகுணா தன் பாலை ஊற்றிவிட்டு வெளியே வந்தபோது, புளியமரத்தடியில் கலைமதி நின்றிருந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து நடந்தார்கள்.

"எங்க வூட்டுல பருத்திக்கொட்டை வாங்கி ஒரு வருசமாச்சுங்கக்கா," என்றாள் கலைமதி.

சுகுணாவுக்குக் கால் நின்றுவிட்டது.

"மாடு வத்தி இருவது நாளு ஆவுது. தெனம் அதுக்குத் தீனி போட்டு சாணி அள்றவ நானு. எனக்குத் தெரியாதுங்களா?"

"தெரிஞ்சேவா இவ்வளவு தூரம் தூக்கிட்டு வர்றே? அவன் உனக்காகப் படாத பாடு படறான். நீ எழுந்திரிச்சிட்டே, அது போதும். நெசத்தைச் சொல்லி அந்த ஆளை நிம்மதியா தூங்க வுடு புள்ள."

கலைமதி வெற்றுப் போசியை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"தூங்க வுட்டா அப்படியே கெடப்பாருங்கக்கா. கொழந்தை அவருக்கும்தான போச்சு. நான் படுத்தது ஊருக்குத் தெரிஞ்சுது, மாத்திரை குடுத்தாங்க. அவரு காடு கழனி போவாம உள்ளயே கெடந்ததை ஒருத்தரும் கேக்கல. இப்ப இந்தப் பாலை வாங்கத்தான் அவரு எழுந்திரிக்கறாரு."