காயவைத்த டேங்க்

"குழாயைத் திறந்து பாருங்க பாய். வெறும் காத்துதான் வரும்!"

சாமிதுரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான். கேரவன் வேன் வாசலுக்கு வந்த நாளிலிருந்து அவன் நடையே மாறியிருந்தது. பழைய மினி பஸ்தான். ஆனால் உள்ளே படுக்கைகள், சின்னதாக ஒரு சமையல் மேடை, கூரைமேல் தண்ணீர் டேங்க் எல்லாம் அவன் கூடவே நின்று செய்யவைத்தது.

நாகூர் இப்ராஹிம் பாய் வேனைச் சுற்றி வந்தார். கோடியக்கரைக்குப் பறவை பார்க்க வரும் குடும்பங்களை அழைத்துப் போவது அவர் தொழில். இந்த சீசன் முழுவதற்கும் ஒரே வேனாக அமர்த்திவிடலாம் என்று தேடிக்கொண்டிருந்தார். இது மட்டும் படிந்துவிட்டால், சாமிதுரை இனிமேல் மன்னார்குடிக்குப் போய் அடுத்தவன் லாரியை ஓட்ட வேண்டியதில்லை.

"போன தடவை உன் வேன்ல வந்தவங்க மூக்கைப் பொத்திக்கிட்டு இறங்கினாங்களாமே?"

"அது என் தப்பு பாய். மிச்சத் தண்ணியைத் திறந்துவிட மறந்திருப்பேன். இந்தத் தடவை அப்படி இல்ல. ட்ரிப் முடிஞ்ச அன்னிக்கே அடி வால்வைத் திறந்து ஒரு சொட்டு விடாம வடிச்சேன். ப்ளீச்சிங் பவுடர் போட்டு அலசி, மறுபடி வடிச்சு, உள்ள கையை விட்டுத் துணியால துடைச்சு, வெயில்ல காயவெச்சுத்தான் மூடினேன். குழாய்க்குள்ள தங்கியிருந்த தண்ணியைக்கூட ஊதி எடுத்தாச்சு. இனி நம்ம ட்ரிப் கிளம்புற அன்னிக்குத்தான் புதுத் தண்ணி."

"வேன் கழுவினியா, ஆபரேஷன் பண்ணினியா?" என்று சிரித்துக்கொண்டே பாய் உள்ளே ஏறினார். குழாயைத் திருகினார்.

பொளபொளவென்று தண்ணீர் கொட்டியது. பாசி நாற்றம் குப்பென்று அடித்தது. பாயின் வெள்ளைச் சட்டை முழங்கை வரை நனைந்துவிட்டது.

"காத்து நல்ல ஈரமா இருக்கே, சாமிதுரை!"

சாமிதுரைக்கு முகம் வெளிறிப்போனது. ஏணியைச் சாத்தி மேலே ஏறி மூடியைத் திறந்தான். டேங்க் கழுத்து வரை தளும்பிக்கொண்டிருந்தது.

"பாய், சத்தியமா வடிச்சேன்."

"வடிச்ச டேங்க் தானா நிறைஞ்சுக்குமா? மறந்துட்டேன்னு சொல்லியிருந்தாக்கூடப் போயிட்டுப்போகுதுன்னு விட்டிருப்பேன். பொய் சொல்றவனை நம்பி நான் எப்படிக் குழந்தை குட்டிகளை ஏத்தி அனுப்புறது?"

பொய். அந்தச் சொல்தான் சுட்டது. ஏணியிலிருந்து இறங்குவதற்குள் சாமிதுரைக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அரசப்பன்! பக்கத்து வயல்காரன். வரப்பை வெட்டித் தன் வயலுக்குள் தள்ளிவிட்டான் என்று சாமிதுரை மேல் மனுக் கொடுத்திருக்கிறான். சர்வேயர் வந்து அளந்துவிட்டுப் போன பிறகும் தகராறு ஓயவில்லை. 'உன் வண்டி எத்தனை நாள் ஓடுதுன்னு பாக்கறேன்டா' என்று டீக்கடையில் எல்லோர் முன்னாலும் சொன்னவன்.

"ஆள் இல்லாத நேரமாப் பாத்து நாத்தத் தண்ணியை ஊத்தியிருக்கான் பாய்! இன்னிக்கு அவன் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

ஜாக்கிக் கம்பியை உருவிக்கொண்டு நடந்தான். புல்லுக்கட்டைத் தலையில் சுமந்து எதிரே வந்த அவன் அம்மா காளியம்மாள், கட்டைத் தொப்பென்று கீழே போட்டுவிட்டு வழியை மறித்தாள்.

"கம்பியோட எங்கடா போறே?"

"விடும்மா. அந்த அரசப்பன் நம்ம டேங்க்ல..."

"டேங்க்கை நிரப்பி வெச்சது நான்டா."

சாமிதுரை நின்றுவிட்டான்.

"நீயா? எதுக்கு?"

"நீ பாட்டுக்கு வடிச்சுப் போட்டுட்டு லாரிக்குப் போயிடறே. அத்தாம்பெரிய பாத்திரம் என் வாசல்ல காலியா நிக்குது. எனக்குச் சோறு இறங்கல."

"அம்மா, மூடிவெச்ச தண்ணி வெயில்ல கெட்டுப்போயிடுமே" என்றார் பாய்.

"அது எனக்குத் தெரியாது தம்பி. எனக்குத் தெரிஞ்சது வேற. கூலி நெல்லு கூடக் கேட்டு நாங்க அறுப்புக்குப் போகாம நின்னோம். மிராசுதார் குளத்தைச் சுத்தி முள்ளுவேலி போட்டு ஆளை நிறுத்திட்டாரு. அப்ப நான் பாவாடை கட்டின பொண்ணு. காலிக் குடத்தோட சேரியே கரையில நின்னுச்சு. தாகத்துல புள்ளைங்க மயங்கி விழுந்துச்சுங்க. ஒருத்தர்கூட அரிவாளைத் தூக்கிக்கிட்டு வேலைக்குப் போகல. கடைசியில மிராசுதார் ஆளுங்களேதான் வந்து வேலியைப் பிரிச்சாங்க." காளியம்மாள் தலையை நிமிர்த்தினாள். "எனக்குன்னு ஒரு வாசல் வந்தா அதுல காலிப் பாத்திரம் நிக்கக் கூடாதுன்னு அன்னிக்கு நினைச்சேன் தம்பி. இன்னிக்கு வாசலும் வந்திருக்கு, வண்டியும் வந்திருக்கு. நிரப்பினேன்."

பாய் நனைந்த கையை மெல்லப் பிழிந்துவிட்டுக்கொண்டார்.

"சாமிதுரை, வாசல்ல அம்மாவுக்கு ஒரு பெரிய பித்தளை அண்டா வாங்கி வை. தினம் புதுத் தண்ணி நிரப்பிக்கட்டும். டேங்க்கை மட்டும் எங்களுக்காகக் காலியா விட்டுடுங்கம்மா. நீ பொய் சொல்லலடா தம்பி. சீசன் முழுக்க உன் வேன்தான்."

சாமிதுரை கம்பியைக் கீழே போட்டுவிட்டு வேனின் கூரையை அண்ணாந்து பார்த்தான்.

"அதுக்காக, இந்த வயசுல குடத்தைத் தூக்கிக்கிட்டு ஏணியில ஏறுவியா? விழுந்து தொலைச்சிருந்தா?"

"நான் எங்கடா ஏறினேன்? கீழேருந்து குடத்தை நீட்டினது மட்டுந்தான் நான்" என்றாள் காளியம்மாள். "மேல ஏறி ஊத்தினது அரசப்பன். அன்னிக்குக் குளத்தங்கரையில எனக்கு முன்னால காலிக் குடத்தோட நின்னவன்டா அவன்!"