பதில் குரல்

"போதும் மாமா. நாளையிலேர்ந்து வேற ஆளைப் பாத்துக்குங்க!"

கிழிந்த கையுறையை மச்சினன் விட்டெறிந்தான். அது லிஃப்ட் மெக்கானிக்கின் காலடியில் போய் விழுந்தது.

"போயேன்! உன் கையைப் புடிச்சா கட்டி வெச்சிருக்கேன்?" என்று மெக்கானிக் எகிறினார். உள்ளுக்குள் இருந்த பயத்தை மறைக்கத்தான் அத்தனை சத்தம்.

கிழிந்தது கையுறையோடு போச்சு. கொஞ்சம் பிசகியிருந்தால் மூணு விரல் போயிருக்கும்.

பதினோரு வருஷமாக லிஃப்ட் ரிப்பேர்தான் இந்தக் குடும்பத்துத் தொழில். மெக்கானிக் உச்சியில், மோட்டார் அறையில் நிற்பார். மச்சினன் நடுவில், லிஃப்ட் கூண்டின் தலைமேல். மெக்கானிக்கின் மனைவி கீழே, யாரும் உள்ளே நுழைந்துவிடாமல் கதவருகே காவல். ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது. குரல் மட்டும்தான்.

அதனால் ஒரு விதி. மெக்கானிக் "மேலே" என்றால், மச்சினனும் "மேலே" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தப் பதில் குரல் வராமல் பொத்தானைத் தொடக்கூடாது.

மூணு வாரமாக அந்தப் பதில் குரல் வெறும் முனகலாகிவிட்டது. வேறென்ன, தேர்தல்தான்!

ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது ஆரம்பித்தது வினை.

"இந்த வீட்ல ரெண்டு ஓட்டும் எங்க கட்சிக்குத்தான்" என்று மெக்கானிக் மார்தட்டினார்.

"ரெண்டா? அக்கா ஓட்டு எப்பவும் எங்களுக்கு. பொறந்த வீட்டுப் பழக்கம் போகுமா?"

அங்கிருந்து திருட்டுக் கூட்டம், கொள்ளைக் கூட்டம் என்று ஏறி, கடைசியில் ரெண்டு பேரும் பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார்கள். அதோடு பேச்சும் நின்றது.

இன்றைக்கு மெக்கானிக் "மேலே" என்றார். பதில் இல்லை. இந்த ஆளுக்கு எதுக்குப் பதில் என்று மச்சினனுக்கு வீம்பு. "வாய் வலிக்குதாக்கும்! சொல்லாட்டிப் போ" என்று இவரும் பொத்தானை அழுத்திவிட்டார். அப்போது அவன் கை கம்பிக் கயிற்றில் இருந்தது.

இப்போது ரெண்டு பேரும் கீழே இறங்கி வந்து, கதவருகே சேவல் மாதிரி நிற்கிறார்கள்.

மனைவி மெயின் சுவிட்ச் பெட்டியைப் பூட்டினாள். சாவியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள்.

"சாவியைக் குடும்மா. ஏழு மாடி ஜனமும் காத்திருக்கு" என்றார் மெக்கானிக்.

"படி இருக்குல்ல? ஏறட்டும். லிஃப்டுக்கு வெச்ச விதியை இனிமே உங்க வாய்க்கும் வெக்கறேன். ஒருத்தர் சொல்லணும். இன்னொருத்தர் அதை அப்படியே திருப்பிச் சொல்லணும். சொன்னவர் 'சரி'ன்னு சொன்னப்புறம்தான் எதிர்ப்பேச்சு. ம், தம்பி, நீ ஆரம்பி."

"எங்க கட்சி வந்தா மூடின பள்ளிக்கூடத்தைத் திறக்கறேன்னு சொல்லியிருக்கு. என் பொண்ணு தினம் ரெண்டு பஸ் மாறிப் போறா. அதான் போடறேன்."

"வாக்குறுதின்னு எதைச் சொன்னாலும் வாயைப் பொளந்துக்கிட்டு நம்பறேன்னு சொல்றான்."

"நான் அப்படியா சொன்னேன்?"

"மறுபடியும்" என்றாள் மனைவி.

நாலு தடவை ஆயிற்று. நாலாவது தடவையில்தான் மெக்கானிக்கின் வாயில் அந்தப் பெண் பிள்ளையும் ரெண்டு பஸ்ஸும் வந்தன. சொல்லும்போதே அவருக்குக் குரல் இறங்கிவிட்டது. குழந்தை ரெண்டு பஸ் மாறுவது அவருக்குத் தெரியவே தெரியாது.

"சரி" என்றான் மச்சினன்.

"இப்ப நீங்க" என்றாள்.

"எங்க தெருவுக்குத் தண்ணிக் குழாய் வந்தது எங்க கட்சி ஆட்சியிலதான். அதுவரைக்கும் இவ நாலு மாடி குடம் தூக்கினா. அதை நான் மறக்கமாட்டேன்."

மச்சினன் ஒரே தடவையில் திருப்பிச் சொன்னான். "அக்கா குடம் தூக்கினா" என்ற இடத்தில் மட்டும் அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

"சரிடா மாப்ளே" என்றார் மெக்கானிக். குனிந்து கையுறையை எடுத்தார். "விரல்ல ஒண்ணும் படலையே? தப்பு என்னோடது. பதில் வராம நான் தொட்டிருக்கக்கூடாது."

"பதில் சொல்லாதது என் தப்பு மாமா. நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?"

அவ்வளவுதான், மூணு வாரப் பாரம் இறங்கியது. சந்தோஷத்தில் மெக்கானிக்குக் கால் தரையில் பாவவில்லை.

"உனக்கும் ஒரு காரணம் இருக்கு, எனக்கும் ஒரு காரணம் இருக்கு மாப்ளே. அந்த மூணாவது கட்சிக்குப் போடுதே ஒரு கூட்டம், அதுக்கு என்னடா காரணம் இருக்கும்?"

"மூளையைக் கழட்டி வெச்சுட்டு வந்த கூட்டம் மாமா!"

"மனுஷங்களே இல்லடா அவங்க!"

ரெண்டு பேரும் தோளில் தட்டிக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே மெக்கானிக் சாவிக்காகக் கையை நீட்டினார்.

அவள் கொடுக்கவில்லை.

"இன்னும் ஒரு ஆள் பாக்கி. நான் ஒண்ணு சொல்றேன். அதையும் திருப்பிச் சொல்லணும்."

"சொல்லு தாயே! உனக்கில்லாததா?"

அவள் ரெண்டு பேர் முகத்தையும் நேராகப் பார்த்தாள்.

"இருபது வருஷமா நான் அந்த மூணாவது கட்சிக்குத்தான் ஓட்டு போடறேன்."

மெக்கானிக்கின் நீட்டிய கை அப்படியே நின்றது.

அவள் சாவியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"ம்... ரெண்டு பேரும் திருப்பிச் சொல்லுங்க. அப்புறம், ஏன்னு கேளுங்க."