இடப்பக்கக் கதவு

ரெஜினாவின் வீட்டுக்காரர் செகண்ட் ஹேண்டில் வாங்கிய அந்தக் குட்டிக் கார் இருமிக்கொண்டேதான் வந்து நிற்கும். நின்றதும் அவர் இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி வந்து, ரெஜினாவுக்குக் கதவைத் திறந்துவிடுவார். கொட்டுகிற மழையிலும் அப்படித்தான். அவளும் மகாராணி மாதிரி இறங்குவாள். எதிர்வீட்டு வசுமதிக்கு வயிறு எரியும். அவள் கணவன் கோபிநாத்தின் கார் பெரியது. அதிலிருந்து அவள் பைகளோடு முட்டிமோதி இறங்குவதற்குள் அவன் வீட்டுக்குள் போயிருப்பான்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள். "தினமும் கதவு திறந்துவிடுறாரே, குடுத்து வச்சவங்க நீங்க!"

ரெஜினா விழுந்து விழுந்து சிரித்தாள். "அட நீங்க வேறக்கா! உள்பக்கக் கைப்பிடி வாங்கும்போதே உடைஞ்சு கிடந்துச்சு. வெளியிலேருந்துதான் திறக்க முடியும். சரிபண்ணுங்கன்னா, 'இருந்துட்டுப் போகட்டுமே'ங்கிறாரு."

உடைந்த கைப்பிடிதான் என்று தெரிந்ததும் வசுமதிக்கு மனம் ஆறியிருக்க வேண்டும். ஆனால் அந்த 'இருந்துட்டுப் போகட்டுமே' அவளைச் சும்மா விடவில்லை.

மறுநாள் கல்யாண வீட்டிலிருந்து திரும்பியதும் அவள் இறங்கவில்லை. பட்டுப்புடவை மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோபிநாத் இறங்கி, போனில் பேசிக்கொண்டே படியேறினான். திரும்பிப் பார்க்காமலே சாவியைப் பின்னால் நீட்டி அமுக்கினான். கார் ஒருமுறை கீச்சிட்டுப் பூட்டிக்கொண்டது.

தெருமுனையில் அந்த இருமல் கேட்டது. முழங்கைக்குப் பக்கத்தில் பளபளவென்றிருந்த கைப்பிடியை வசுமதி தொடவில்லை.